வெளிப்பூட்டு

பகலில் தூங்குகிறவளைக் கண்டால் இந்த ஊருக்குப் பொறுக்காது. ராத்திரி முழுக்கக் கால்கடுக்க நின்றுவிட்டு வருகிறாள் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்து என்ன? காலையில் வந்து, குளித்து, இரண்டு வாய் தின்றுவிட்டு நான் தலையைச் சாய்க்க வேண்டியதுதான் தாமதம், கம்பம் ஊரில் உள்ள சத்தமெல்லாம் எங்கள் தெருவுக்குள் நுழைந்துவிடும். கீரைக்காரன் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டியிருக்கிறான். பழைய இரும்பு எடுக்கிறவனும் கட்டியிருக்கிறான். சிலிண்டர் போடுகிறவனுக்கு அது தேவையில்லை, சிலிண்டரை உருட்டினாலே போதும்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். காதில் ஆஸ்பத்திரிப் பஞ்சைத் திணித்தால் பாதி அடங்கிவிடும். எந்தப் பஞ்சுக்கும் அடங்காதது ஒன்று இருந்தது. அது கஸ்தூரியம்மாள்.

எங்கள் காம்பவுண்டில் இரண்டே வீடு. ஒன்றில் நான், எதிர்வீட்டில் அவர். நடுவே ஒரு குழாயும் ஒரு முருங்கை மரமும். அறுபதைத் தாண்டியவர். புருஷன் இல்லை, ஒரே மகன் கார்த்திக்ராஜ் திருப்பூரில் குடும்பத்தோடு இருக்கிறான். மதியம் ஆனால் போதும், கையில் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தோடு வந்து என் கதவைத் தட்டுவார். விரலால் தட்டுகிற வழக்கமெல்லாம் அவருக்குக் கிடையாது. உள்ளங்கையால்தான்.

"சாஜிதா... ஏ ஆத்தா சாஜிதா... தூங்குறியா?"

தூங்குகிறவளைப் பார்த்துத் தூங்குகிறாயா என்று கேட்டால் அவள் என்னதான் சொல்வாள்?

"தூங்கிக்கிட்டுத்தான் பெரியம்மா இருந்தேன்."

"அதான பாத்தேன். வெறும் வயித்தோட படுக்காத. பருப்புக் கடைசல் வச்சேன், சூடா இருக்கையிலயே சாப்புடு. அப்படியே அந்த மிசின எடுத்து எனக்குப் பிரஷரப் பாத்துரு. தல கிறுகிறுங்குது."

பார்ப்பேன். அவருக்கு எல்லாம் சரியாகத்தான் இருக்கும். என்னுடையதைப் பார்த்திருந்தால்தான் ஏறியிருக்கும். கிளம்பவும் மாட்டார். மகன் போன் பண்ணினது, பண்ணாதது, மருமகள் பேசினது, பேசாதது எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "சரி ஆத்தா, நீ தூங்கு" என்று எழுந்து போவார். அதற்குப் பிறகு எங்கே தூங்குவது? மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன்.

சொல்லாமல் இல்லை. எத்தனையோ தடவை சொன்னேன். ஒரு நாள் கோபம் வந்து, "ராத்திரி நீங்க தூங்கையில நான் வந்து கதவத் தட்டுனா எப்படி இருக்கும்?" என்று கேட்டேன்.

"வந்து தட்டு ஆத்தா, யாரு வேணாங்கிறது? நானும் முழிச்சுத்தான கெடக்கேன்" என்றார்.

இவரிடம் என்னத்தைப் பேசுவது!

என் வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி, அதில் ஐ.சி.யூ. நர்ஸ். மற்றவர்களுக்கெல்லாம் டியூட்டி மாறி மாறி வரும். எனக்கு மட்டும் எப்போதும் நைட். மேல்பார்வை பார்க்கிற வேல்விழி சிஸ்டர் நல்ல மாதிரிதான், ஆனால் அட்டவணை போடும்போது மட்டும் அவருக்கு என் ஞாபகம் வந்துவிடும். "உனக்கென்ன சாஜிதா, புள்ளையா குட்டியா? அவளுகள்லாம் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பணும், சமைக்கணும். நைட்ட நீ பாத்துக்க" என்பார். எனக்குக் கல்யாணம் ஆனது, ஒன்றரை வருஷத்தில் முடிந்தும் போனது. அதைப் பற்றி இங்கே பேச்சில்லை. வீட்டில் ஆள் இல்லாதவளுக்குத் தூக்கமும் தேவையில்லை என்று ஒரு சட்டம் இருக்கிறது போல. அதுதான் எனக்கு எரிச்சல்.

போன பங்குனியில் ஒரு நாள் விடிகிற நேரத்தில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண் சொருகிவிட்டது. மானிட்டர் கத்தியது எனக்குக் கேட்கவே இல்லை. வார்டில் உதவிக்கு இருக்கும் தங்கப்பாண்டி வந்து தோளைத் தட்டினான். பேஷண்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, விரலில் மாட்டின கிளிப் கழன்று விழுந்திருந்தது, அவ்வளவுதான். ஆனாலும் டியூட்டி முடியும்வரை நான் மறுபடி உட்காரவில்லை. அது கிளிப்பாக இல்லாமல் அவர் மூச்சாக இருந்திருந்தால்? வேல்விழி சிஸ்டர் தனியாகக் கூப்பிட்டு, "இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா நான் மேல சொல்லித்தான் ஆகணும். அப்புறம் வேலை இருக்காது, பாத்துக்க" என்றார்.

வேலை போனால் உத்தமபாளையத்தில் அண்ணன் முஜிபுர் ரஹ்மான் வீடு. அங்கே வெங்காய மூட்டை அடுக்கிய அறையில் எனக்கு ஒரு பாய். வருகிறவர்களிடமெல்லாம் மதினி என்னைக் காட்டி, "இதுதான் அவுக தங்கச்சி" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார். அதற்கு நான் ஐ.சி.யூ.விலேயே ஒரு கட்டிலைப் பார்த்துப் படுத்துவிடலாம்.

ஆகவே தூங்கியாக வேண்டும். மதுரையிலிருந்து ஒரு டாக்டரம்மா எங்களுக்கு வகுப்பு எடுக்க வந்தார். நைட் பார்க்கிறவர்கள் அறையை இருட்டாக வைக்க வேண்டும், விடியும் முன்பே டீயை நிறுத்திவிட வேண்டும், வீடு திரும்பும்போது வெயில் கண்ணில் படாமல் கறுப்புக் கண்ணாடி போட வேண்டும் என்று வரிசையாகச் சொன்னார். கடைசியாக, "வீட்டில் இருக்கிறவர்களிடம் எழுப்பக் கூடாதென்று சொல்லிவையுங்கள்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். வீட்டில் இருப்பது நானும் ஒரு பல்லியும்தான், யாரிடம் போய்ச் சொல்ல?

கண்ணாடி போட்டேன், டீயை விட்டேன். உரக்கடை அய்யாத்துரையிடம் போய், தக்காளிப் பாத்தியில் விரிக்கிற கறுப்பு மல்ச்சிங் ஷீட் கேட்டேன். "எத்தன ஏக்கருக்கு?" என்றார். "ஒரு ஜன்னலுக்கு" என்றேன். மனுஷன் சிரிக்கக்கூட இல்லை, அளந்து வெட்டிக் கொடுத்தார். ஜன்னலில் அடித்ததும் பட்டப்பகல் அமாவாசையாகிவிட்டது. எல்லாம் சரி. மதியம் ஆனதும் உள்ளங்கை கதவில் விழுந்தது. "ஏ ஆத்தா... தூங்குறியா?"

அன்றுதான் எனக்கு அந்தப் பூட்டு யோசனை வந்தது.

டியூட்டிக்குப் போகும்போது முன்கதவை வெளியே பூட்டுகிறேன் அல்லவா? காலையில் வந்து அதைத் திறந்தால்தானே நான் இருப்பது தெரியும்? திறக்காமல் விட்டேன். பின்சந்து வழியாக வந்து, பின்கதவில் போட்டுவிட்டுப் போயிருந்த சின்னப் பூட்டைத் திறந்து உள்ளே நுழைந்து, செருப்பையும் உள்ளே எடுத்து வைத்துப் படுத்துக்கொண்டேன். டியூட்டிக்குக் கிளம்புவதும் அந்த வழியாகவே. முன்னால் கொழுக்கட்டை மாதிரி பூட்டு தொங்குகிறது. எவன் தட்டுவான்? கஸ்தூரியம்மாளிடம் ஒரு பொய்யும் சொல்லிவைத்தேன். "பெரியம்மா, இனிமே டியூட்டி முடிஞ்சதும் அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன். அங்கனயே இருந்துட்டு நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துருவேன்."

அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. பிறகு, "நல்லது ஆத்தா. சொந்தபந்தத்தோட இரு. தனியா எம்புட்டு நாளைக்குக் கெடப்ப?" என்றார்.

அண்ணன் எனக்குப் போன் பண்ணியே மாதக்கணக்காகிறது. அது அவருக்கு எப்படித் தெரியும்?

அப்புறம் வந்தது பாருங்கள் தூக்கம்! கல்லைப் போட்டது மாதிரி தூங்கினேன். கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பு குறைந்தது. வார்டில் ஊசி போடும் கை உறுதியானது. "என்ன சாஜிதா, முகம் தெளிஞ்சிருக்கு?" என்று வேல்விழி சிஸ்டரே கேட்டார். "வீட்டுல இப்ப நல்லா பாத்துக்கிறாக" என்று சொல்லிவைத்தேன்.

ஒன்றை மட்டும் நான் கணக்கில் எடுக்கவில்லை. மதியத்துக்கு மேல் என் வாசற்படியில்தான் நிழல் விழும். வீட்டில் ஆள் இல்லை என்று ஆனதும் கஸ்தூரியம்மாள் அங்கே வந்து உட்கார ஆரம்பித்தார். கீரை ஆய்வார். தனக்குத்தானே ஏதாவது பேசுவார். கதவுக்கு இந்தப் பக்கம் பாயில் நான்.

ஒரு நாள் பஞ்சு வைக்க மறந்துபோய்ப் படுத்திருந்தேன். மகனோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். "சரிப்பா... லீவு கெடைக்கலேன்னா நீ என்ன செய்வ? ஆடிக்கு இல்லேன்னா தீவாளிக்கு வா... இல்லப்பா, நான் எங்கன அழுகுறேன்? காத்துல தூசி விழுந்துருச்சு." போனை வைத்த பிறகு வெகுநேரம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு, என் கதவைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும், "இந்தப் புள்ளயாவது இங்கன இருந்துச்சு. அதுவும் போயிருச்சு" என்றார்.

 எழுந்துபோய் ஒரு வார்த்தை சொல்லலாம். எப்படிப் போவது? பூட்டு வெளியே தொங்குகிறதே, போனால் என் பொய் வெளியாகிவிடுமே. புரண்டு படுத்தேன். கொஞ்ச நேரத்தில் தூக்கமும் வந்துவிட்டது. அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

ஆடி பிறந்தது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், கம்பத்துக்காரர்களுக்கு அது பழமொழி இல்லை, அனுபவம். கேரள மலையைத் தாண்டி வருகிற காற்று பள்ளத்தாக்கு முழுக்க ஊளையிடும். என் பின்கதவின் உள்தாழ்ப்பாள் ஏற்கெனவே துருப்பிடித்து ஆடிக்கொண்டிருந்தது. காயத்துக்குக் கட்டுகிற காஸ் துணியைத் திரித்து இறுக்கிக் கட்டி வைத்திருந்தேன். தச்சனைக் கூப்பிட்டால் நான் பகலில் வீட்டில் இருப்பது வெளியே தெரிந்துவிடுமே!

ஒரு நாள் ராத்திரி வார்டில் மூன்று பேர் ஒரே நேரத்தில் மோசமாகி, உட்காராமல் ஓடியிருந்தேன். வந்து விழுந்தவள்தான். காதில் பஞ்சு, கண்ணுக்கு மேலே துப்பட்டா. அந்த மாதிரி ஒரு தூக்கம் வருஷக்கணக்கில் தூங்கியிருக்க மாட்டேன்.

சாயங்காலம் எழுந்து முகம் கழுவி, அஸர் தொழுதுவிட்டு, டீ வைக்கலாம் என்று அடுப்படிக்குப் போனேன். காஸ் துணி அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது. கதவு சாத்தியிருந்தது. இழுத்துப் பார்த்தேன். ஒரு விரல் அளவுக்கு அசைந்து நின்றுவிட்டது. இடுக்கு வழியாகப் பார்த்தால் வெளியே நாதாங்கியில் ஒரு பித்தளைப் பூட்டு. அதன் வளையத்தில் சிவப்புக் கயிறு. கஸ்தூரியம்மாள் தன் அரிசி டிரம்முக்குப் போடுகிற பூட்டு அது.

நடந்தது புரிந்துவிட்டது. காற்றில் கதவு திறந்து அடித்திருக்கிறது. சத்தம் கேட்டு அவர் சந்துக்கு வந்திருப்பார். முன்னால் பூட்டியிருக்கிறது, பின்னால் திறந்து கிடக்கிறது, பாவி மக மறந்துட்டுப் போயிருக்கா என்று தன் அரிசியைத் திறந்து போட்டுவிட்டு என் வீட்டைப் பூட்டிவிட்டார்.

யா அல்லா! முன்னால் என் பூட்டு, பின்னால் அவர் பூட்டு, நடுவில் நான்.

என் பூட்டின் சாவி என் கையில்தான் இருந்தது. ஜன்னல் கம்பி வழியாக அதை நீட்டலாம். வாங்கித் திறக்க வெளியே ஒரு கை வேண்டும். போனை எடுத்தேன். அண்ணனைக் கூப்பிட்டால் உடனே வருவான், வந்து பூட்டைத் திறந்த கையோடு என் பெட்டியையும் தூக்கிக்கொண்டு போய்விடுவான். "இதுக்குத்தான் தனியா இருக்காதன்னு சொன்னேன்" என்பான். தங்கப்பாண்டியைக் கூப்பிட்டால் நான் போவதற்குள் ஆஸ்பத்திரி முழுக்கச் சிரிக்கும். டியூட்டிக்கு வரவில்லை என்று சொன்னாலோ வேல்விழி சிஸ்டர் என்ன சொல்வார் என்று தெரியும். மேலிருந்து கீழ்வரை பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். ஃபர்ஹீன் என்னோடு படித்தவள், அவள் சென்னையில். இரத்த வங்கி, சிலிண்டர் ஏஜென்சி, மாவுக் கடை. என் கதவைத் திறக்க வரக்கூடிய ஆள் ஒருத்தர்கூட அதில் இல்லை. கம்பத்தில் இத்தனை வருஷம் இருந்து இத்தனை பேருக்கு ஊசி போட்டு என்ன பிரயோஜனம்? 

வெளியே முருங்கைக் கீரையை உருவுகிற சத்தம் கேட்டது. வேறு வழி இல்லை. முன்கதவுக்குப் போய் உள்ளேயிருந்து தட்டினேன். உள்ளங்கையால்.

சத்தம் நின்றது. மறுபடி தட்டினேன்.

"அடி ஆத்தி! களவாணிப் பய உள்ள மாட்டிக்கிட்டான்டோய்!" என்று ஒரு கூச்சல். "நான் பூட்டுனது நல்லதாப் போச்சு! ஏலே, எவன்டா அவன்? அசைஞ்ச, உலக்கையால மண்டையப் பொளந்துருவேன்!"

"பெரியம்மா, கத்தாதீக! நான்தான், சாஜிதா!"

"சாஜிதாவா? சாஜிதா அண்ணன் வீட்டுல இருக்கா. யார்ட்ட நடிக்கிற?"

ஓடிப்போய் ஜன்னலில் மல்ச்சிங் ஷீட்டைப் பிய்த்தேன். வெளிச்சம் கண்ணைக் குத்தியது. உலக்கையைத் தூக்கிப் பிடித்தபடி கஸ்தூரியம்மாள் நின்றார். என்னைக் கண்டதும் உலக்கை மெல்ல இறங்கியது.

"நீ எப்ப ஆத்தா வந்த? பூட்டுத் தொறக்கவே இல்லையே?"

"காலைலயே வந்துட்டேன் பெரியம்மா. பின்னாடி வழியா."

"பின்னாடி வழியாவா? எதுக்கு?"

 அவர் பூட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கிழிந்து தொங்குகிற கறுப்பு ஷீட்டைப் பார்த்தார். புரிந்துகொள்ள அவருக்கு நேரம் பிடித்தது. அந்த நேரம் முழுக்க நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அப்ப... தெனமும் உள்ளதான் இருந்தியா?"

"ம்."

"நான் இங்கன உக்காந்திருக்கையில?"

"ம்."

"எம் மகன்ட்ட பேசுனேனே, அன்னைக்கும்?"

 அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"எனக்குப் பயந்துதான் பூட்டுனியாக்கும்."

"தூக்கம் வேணும்னு பூட்டுனேன் பெரியம்மா. வேலை போயிரும். எத்தனையோ தடவ உங்கட்ட சொன்னேன்ல?"

"சொன்ன ஆத்தா. சொல்லாம இல்ல. நான்தான் காதுல வாங்கல" என்றார். குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பேன். கையை நீட்டிச் சாவியை வாங்கினார், பூட்டைத் திறந்தார், சாவியைப் பூட்டிலேயே விட்டார். "டியூட்டிக்கு நேரமாச்சு. போ" என்று சொல்லிவிட்டு, சந்துப் பக்கம் போய்த் தன் பித்தளைப் பூட்டையும் கழற்றிக்கொண்டு வீட்டுக்குள் போனார்.

அன்று டியூட்டிக்குச் சரியான நேரத்துக்குப் போய்விட்டேன். யாருக்கும் எதுவும் தெரியாது.

மறுநாள் காலையில் முன்கதவைத் திறந்து எல்லோருக்கும் தெரியும்படி உள்ளே போனேன். செருப்பை வாசலில் விட்டேன். ஷீட்டை மறுபடி அடித்தேன். படுத்தேன். மதியம் ஆனதும் தானாக விழிப்பு வந்தது. காதிலிருந்து பஞ்சை எடுத்துவிட்டுக் கேட்டுக்கொண்டு கிடந்தேன். கதவு தட்டப்படவில்லை. அடுத்த நாளும் இல்லை. வாசற்படியில் நிழல் விழுந்தது, யாரும் வந்து உட்காரவில்லை. கீரைக்காரன்கூட அந்தப் பக்கம் வராததுபோல் அப்படி ஒரு அமைதி. இந்த அமைதிக்குத்தானே இத்தனை பாடு? அதில் ஒரு பொட்டுத் தூக்கம் வரவில்லை. வார்டில் மறுபடி கண் எரிந்தது. நின்றுகொண்டே இருந்தேன், உட்கார்ந்தால் சொருகிவிடும் என்று பயமாக இருந்தது.

அவருடைய எவர்சில்வர் கிண்ணம் ஒன்று என்னிடம் தங்கிப்போயிருந்தது. கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. சர்க்கரை போட்டேன். பிரஷர் மிசினைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, உச்சி வெயிலில் முற்றத்தைக் கடந்து எதிர்வீட்டுக்குப் போனேன்.

கதவில் பூட்டு தொங்கியது. பித்தளைப் பூட்டு, சிவப்புக் கயிறு.

திருப்பூருக்குப் போய்விட்டாரா? மகன் வந்து கூட்டிக்கொண்டு போயிருப்பானோ? போயிருந்தால் நல்லதுதான் என்று நினைத்துத் திரும்பக் காலெடுத்தேன். அப்போதுதான் காதில் விழுந்தது. அவர் வீட்டு ஃபேனுக்கு ஒரு றெக்கை கோணல், ஓடும்போது டக் டக் என்று அடிக்கும். அது ஓடிக்கொண்டிருந்தது. அவர் வீட்டுக்கும் பின்கதவு உண்டு.

கிண்ணத்தைப் படியில் வைத்தேன். தூங்குகிற ஆளை எழுப்பக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான். உள்ளங்கையால் தட்டினேன்.

"பெரியம்மா... தூங்குறீகளா?"

உள்ளே ஃபேனை அணைக்கிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.